பஸ் ஓடாத நாள்

இரவுக் கடமை முடிந்து காலையில் வீடு திரும்புகிறவளுக்கு வேண்டியது ஒரு வாளி தண்ணீரும் ஒரு பாயும்தான். எனக்கு அந்த இரண்டும் கிடைப்பதற்கு முன்னால் வாசல் கேற்றடியில் வீட்டுக்கார அங்கிள் கிடைப்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குறடும் மறு கையில் செப்புக் கம்பிச் சுருளுமாக நிற்பார்.

"மிஸி, ஒரே ஒரு விசயம். உலக்கையையும் நண்டையும் நல்ல வயசில எடுத்து ஒரு ரிங்குக்குள்ள விட்டா, வெல்லுறது ஆரு?"

"எனக்கு நித்திரை வருது அங்கிள்."

"நித்திரை கொள்ளுங்க, ஆரு வேணாம் எண்டது? பேரை மட்டும் சொல்லிற்றுப் போங்க."

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊர் வாயில் 'மிஸி'யாக, இருந்த நாட்களில் அவருடைய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நான் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. பஸ்ஸில் வந்து போகலாம்தான், ஆனால் இரவுக் கடமை அதற்கு விடவில்லை. அவர் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். அவருடைய மனைவியை அந்த ஒழுங்கை முழுவதும் அன்ரி என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் தங்கள் போர்த்துக்கேயத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, யார் தோற்கிறார் என்பது மட்டும் விளங்கும். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவர் முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறிகளுக்கும் தண்ணீர்ப் பம்பிகளுக்கும் மோட்டார்க் கம்பி சுற்றுவார்.

போன வருஷம் அவர் போய்விட்டார் என்று அன்ரி போன் எடுத்து அழுதபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய முகமல்ல. கேற்றடியில் காலைவேளைகளில் எனக்கு வந்த அந்த எரிச்சல்தான் வந்தது. அது அப்படியே சூடாக இருந்தது.

உலக்கை, நண்டு என்பதெல்லாம் உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டைக்காரர்கள். இவர் வைத்த பெயர்கள் அவை. ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிறவன் உலக்கை. தோளையும் முழங்கையையும் முகத்துக்கு முன்னால் வைத்து மூடிக்கொண்டு, யாராலும் அடிக்க முடியாமல் பக்கவாட்டில் நகருகிறவன் நண்டு. கால்கள் நிலத்தில் படாமல் சுற்றுகிறவன் நடனக்காரன். தொலைக்காட்சி வருவதற்கு முந்திய காலத்தில் படம் பிடிக்கப்பட்டு, கறுப்பு வெள்ளையில் வேகவேகமாக ஓடுகிற ஒருவன் பழைய சோல்ஜர். இவர்களில் ஒருவன் கையுறையைக் கழற்றி வைத்த பிறகுதான் மற்றவன் பிறந்திருப்பான். இவர்கள் ஒருநாளும் மோதப்போவதில்லை. அவருக்கு அதுதான் வேண்டும்.

"ஏன் அங்கிள், உண்மையான பேரைச் சொன்னா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேரைச் சொன்னா சனம் நாட்டைப் பாக்கும், நிறத்தைப் பாக்கும். மறுகா எவன் அடிச்சவன், எவன் வாங்கினவன் எண்டதைப் பாக்காது."

அது நல்ல பதில்தான். அவரிடம் இருந்த கஷ்டமே அதுதான், எல்லாம் நல்ல பதிலாக இருக்கும். முடிவு மட்டும் இருக்காது. இன்றைக்கும் அந்த ஆட்களின் உண்மையான பெயர்கள் எனக்குத் தெரியாது. ஆனால் நடனக்காரன் களைத்தால் அவனுடைய வலக்கை எவ்வளவு கீழே இறங்கும் என்று தெரியும்.

ஒரு காலையில், ஆளை விட்டால் போதும் என்று "உலக்கைதான் வெல்லுவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பின்னேரம் நான் எழும்பிக் கதவைத் திறந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிச் சொல்லுவீங்க மிஸி? நண்டுக்கு அடி விழுந்தாத்தானே?"

"நேற்று நீங்கதானே உலக்கையின் பக்கம் நிண்டு கதைச்சீங்க?"

"அது நேற்று. நேற்று ஆரும் உலக்கைக்குச் சாதகமாப் பேசல்ல. இண்டைக்கு நீங்க பேசிற்றீங்க. அப்ப நண்டுக்கு ஆரு இரிக்கிற?"

அவரோடு ஒத்துப்போகவே முடியாது. நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போய்விடுவார். நீங்களும் அங்கே போனால், அவர் திரும்பவும் இங்கே வந்து நிற்பார். எந்த வயதில், எந்தக் காலத்துக் கையுறையில், எத்தனை ரவுண்டுக்கு, எந்த ஊர் நடுவர் என்று கேள்விமேல் கேள்வி போட்டுச் சண்டையை மணியடிக்கவிடாமலே வைத்திருப்பார். பழைய சோல்ஜருக்கு இந்தக் காலத்துச் சாப்பாடும் வைத்தியமும் கொடுத்தால் அவன் இன்னும் பழைய சோல்ஜர்தானா என்பதில் ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று.

பங்குனி வெயிலில் என் மேசை மின்விசிறி நின்றுபோனது. "நாளைக்குத் தாறன்" என்று வாங்கிக்கொண்டார். பகலில் நித்திரை கொள்கிறவளுக்கு மின்விசிறி இல்லாத அறை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு கிடந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். தையல்காரர் ஒருவர், இவருடைய பழைய கூட்டாளி, எதிரே உட்கார்ந்திருந்தார். என் மின்விசிறியின் முன்பக்கக் கம்பிக்கூடு மேசையில் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளே ஒரு பெரிய பித்தளை நட்டும் ஒரு சின்ன ஆணியும். பித்தளை நட்டு உலக்கை. ஆணி நடனக்காரன். கம்பிக்கூடுதான் ரிங்.

"அங்கிள், என்ர பேன்?"

"ஒரு நிமிசம் மிஸி. இவன் மூலைக்குள்ள அகப்பட்டிற்றான்."

அன்றைக்கு நான் கத்தியதில் அன்ரி குசினியிலிருந்து ஓடிவந்தார். அங்கிள் மட்டும் கோபிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, மெய்யாகவே வருத்தப்பட்டு, கம்பிக்கூட்டை எடுத்துத் துடைத்து, அந்தப் பின்னேரமே கம்பி சுற்றிப் பூட்டித் தந்தார். வேலை என்றால் அவ்வளவு சுத்தமான வேலை. அதுதான் இன்னும் ஆத்திரம். ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலைக்காக நான் அத்தனை நாள் வெந்திருக்கிறேன்.

அன்ரிக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்த நாளையும் சொல்ல வேண்டும். நான்தான் எல்லாம் ஒழுங்கு செய்தேன். கண்ணுக்கு மருந்து விட்டு, அன்ரியை வெள்ளை உடுப்பில் உட்கார வைத்தாயிற்று. அங்கிளைக் காணவில்லை. அன்ரி அவர் வராமல் உள்ளே போகமாட்டேன் என்று பிடிவாதம். நான் வார்டு வார்டாகத் தேடிப்போனேன். கன்ரீனில் இருந்தார். சிற்றூழியர்கள் நாலு பேர் தேத்தண்ணி ஆறிப்போவதையும் கவனிக்காமல் அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, நண்டு எப்படி நகருவான் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "அங்க அன்ரி தனிய இரிக்கா. இஞ்ச நீங்க கூத்தாடுறீங்களா?"

படியேறும்போதுதான் கவனித்தேன், நான் பிடித்திருந்த கை குளிர்ந்து வேர்த்துக் கிடந்தது.

"பயமா இரிக்கு மிஸி," என்றார். "கண்ணுக்குள்ள கத்தி வைக்கப்போறாங்க. அந்தக் கதவடியில என்னால நிக்க ஏலா. அதுதான் இவடத்த வந்து கதைச்சுக்கொண்டு நிண்டன்."

அப்படி வெளிப்படையாகப் பயத்தைச் சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதிகம் கண்டதில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்ரியிடம் கூட்டிப்போனேன். அன்ரி அவருக்குப் போர்த்துக்கேயத்தில் ஏதோ சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவரும் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர்தான். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கண் கட்டோடு அன்ரி வீட்டிலிருந்த நாட்களில், பக்கத்தில் உட்கார்ந்து மருந்து விடும்போது அன்ரி சொன்னார்.

இளவயதில் கிழக்கு மாகாணத்திலேயே அவருடைய எடைக்கு ஆள் இல்லை என்றிருந்ததாம். ஒரே ஓர் ஆளைத் தவிர. திருகோணமலையில் பிரான்சிஸ் என்று ஒருவன், இடக்கைக்காரன். இரண்டு பேரும் மோதினால் யார் வெல்வார் என்று இரண்டு ஊரும் ஒரு வருஷமாகக் கதைத்தது. கடைசியில் மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாள் குறித்தார்கள். ஆமி என்றும் இயக்கம் என்றும் பிரச்சினைகள் கூடிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் பஸ் ஓடும், அடுத்த நாள் ஓடாது. பிரான்சிஸ் வரவில்லை. சனம் வந்து நிறைந்துவிட்டது. வெயில் சாய்ந்து கறுக்கும்வரை பார்த்தார்கள். பிறகு இவரை மட்டும் தனியாக ரிங்குக்குள் ஏற்றி, நடுவர் இவருடைய கையைத் தூக்கிப் பிடித்து, வென்றவர் என்று அறிவித்து, கப்பையும் கொடுத்தார்.

"சனம் கைதட்டிச்சு," என்றார் அன்ரி. "நானும் தட்டினன். அப்ப எங்களுக்குக் கலியாணம் முடியல்ல. இந்த மனிசன் கப்பை அங்கேயே வச்சிட்டு இறங்கிப் போயிற்று. அதுக்குப் பிறகு ஒருநாளும் கிளவ்ஸ் போடல்ல. அந்தக் கப் இப்பவும் அந்தப் பள்ளிக்கூட அலுமாரிக்குள்ள இரிக்கு."

பிரான்சிஸ் பயத்தில் ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னது. இவர் மட்டும் அப்படியில்லை என்றார். அன்றைக்கு பஸ் ஓடவில்லை, அதுதான் காரணம் என்றார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களையும் மறித்துச் சொன்னார். உலகத்து விசயம் எதிலும் பக்கம் மாறுகிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் அசையவே இல்லை. அவருக்கு இதில் இருந்த ஒரே தலையிடி அந்தத் தையல்காரர். ஏனென்றால் தையல்காரர் அதே நாளில், அதே திருகோணமலைப் பாதையில், பஸ்ஸில் வந்தவர்.

"நான் அந்த பஸ்ஸிலதான்டா வந்தன்," என்பார் தையல்காரர். "ஓடாத பஸ்ஸில எப்படி வந்த நான்?"

"நீ வந்தது முந்தின நாள்."

"முந்தின நாள் எங்கட மாமி செத்து முப்பத்தொண்டாம் நாள், அந்திரட்டி. நான் மறுநாள்தான் வெளிக்கிட்டன்."

"அப்ப மாமி ஒருநாள் முந்திச் செத்திருப்பா."

இப்படி ஒரு செத்த மனுசியின் நாளையே மாற்றி வைக்கும் வரைக்கும் போவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்று, எத்தனையோ தடவை இதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. அந்தப் பிரான்சிஸ் எங்கேயாவது உயிரோடு இருந்து, ஒருநாள் வந்து, இதற்கு ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போனால் போதும்.

வந்தார்.

மாமாங்கக் கோயில் திருவிழா நடந்த நாட்கள். அமிர்தகழிப் பாதை முழுக்கச் சனம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வான் வண்டிகள். அவுஸ்திரேலியாவில் குடியிருக்கும் பிரான்சிஸ் ஊர் பார்க்க வந்தவர், யாரிடமோ நம்பர் வாங்கி அன்ரிக்குப் போன் எடுத்தார். அன்ரி என்னிடம் ஓடிவந்தார். அங்கிளுக்குச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். நான் அன்றைக்கு லீவு போட்டேன். இறால் வாங்கிவந்ததும் நான்தான்.

உயரமான, மெலிந்த, நரைத்த மனிதர் வாசலில் வந்து நின்றார். அங்கிள் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக எழும்பினார். இரண்டு பேரும் கிட்ட வந்தார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்கள். அன்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

சாப்பாட்டு மேசையில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. பிள்ளைகளைப் பற்றி, சீனி வியாதி பற்றி, முழங்கால் நோவு பற்றி. பாதிச் சோற்றில் பிரான்சிஸ் கையை நிறுத்தினார்.

"மச்சான், நான் சாப்பிட மட்டும் வரேல்லை. உன்னட்ட ஒண்டு சொல்லோணும்."

"சொல்லு."

"அண்டைக்கு பஸ் ஓடினது."

அங்கிள் இறாலை உரித்துக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார்.

"ஓடினது மச்சான். நான் பஸ் ஸ்ராண்டுக்குப் போனனான். பாக் கையில இருந்தது. பஸ் வந்தது. நான் ஏறேல்லை."

"பஸ் ஓடல்ல பிரான்சிஸ். உனக்கு வயசு போயிற்று, மறந்திற்றாய்."

"எனக்கு மறக்கேல்லை! நான் பயந்திட்டன். ஆமிக்கு இல்லை. உனக்குத்தான் பயந்தனான். நீதான் வெண்டிருப்பாய்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இத்தனை காலமும் காத்திருந்த தீர்ப்பு அது. வேறு யாராக இருந்தாலும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"எப்படி வெண்டிருப்பன்? நீ இடக்கை ஆள். நான் இடக்கை ஆளோட ஒருநாளும் அடிச்சதில்ல. என்ர வலக்கை இறங்கும், அது உனக்குத் தெரியும். மூண்டாம் ரவுண்டில நீ என்னைச் சாய்ச்சிருப்பாய்."

"இல்லை மச்சான்."

"ஓம்! என்னையச் சாய்க்கக்கூடிய ஒருத்தன் ஏன் பயப்பிடுற? பயப்பிட ஒரு காரணமும் இல்ல. அப்ப பஸ்தான் ஓடல்ல."

"நான் என்ன செய்தனான் எண்டு எனக்குத் தெரியாதா? நீயா அங்க நிண்டனி?"

"நீ அங்க நிண்டா உனக்கு எல்லாம் தெரியுமா?"

இரண்டு வயதானவர்கள், ஒருவர் மற்றவர்தான் வென்றிருப்பார் என்று மேசையில் அடித்து அடித்துச் சண்டை பிடிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்ரி போர்த்துக்கேயத்தில் அதட்டினார். அவர் கேட்கவில்லை. பிரான்சிஸின் குரல் உடைந்தது.

"உன்னட்ட மன்னிப்புக் கேக்கத்தான்டா இவ்வளவு தூரம் வந்தனான்."

"மன்னிக்கிறதுக்கு நீ என்ன செஞ்ச?"

"அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்! நீ கேக்கிறாய் இல்லையே!"

பிரான்சிஸ் எழும்பினார். கையைக் கழுவினார். அன்ரியிடம் மட்டும் "சாப்பாடு நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் வானில் ஏறினார். அங்கிள் முன்னறையில் வந்து கம்பிச் சுருளைக் கையில் எடுத்தார். சுற்றவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றப்படவில்லை. அன்ரி அவரோடு பேசவில்லை. பிரான்சிஸ் அன்றைக்குத்தான் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் முன்னறைக்குப் போய் அவருடைய போனை மேசையிலிருந்து எடுத்தேன்.

"என்ன மிஸி?"

"அவருக்குக் கோல் எடுக்கிறன். நீங்க ஒண்டும் சொல்லப்படாது. அவர் சொல்லி முடியும் மட்டும் கேக்கணும்."

"அவன் பிழையாச் சொன்னா?"

"பிழையாச் சொன்னாலும் கேக்கணும்! உலகத்தில இரிக்கிற எல்லாருக்கும் நீங்கதான் நடுவரா? அந்த மனிசன் எவ்வளவு காலமா இதைச் சுமந்துகொண்டு திரியுது. இறக்கி வைக்க ஓர் இடம் தேடி வந்தா, இஞ்ச நிண்டு பொக்சிங் கதைக்கிறீங்க."

மின்விசிறி நாளில்கூட அவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதில்லை. அன்ரியிடம் வாங்கியிருந்த நம்பரை அழுத்தி, போனை அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அதனால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். வான் ஓடுகிற இரைச்சலுக்குள் பிரான்சிஸின் குரல் வந்தது.

"மிஸிதான் எடுக்கச் சொன்னா," என்றார் இவர். "சொல்லு. நான் குறுக்க பேசல்ல."

பிரான்சிஸ் வான் கண்ணாடியை ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். அந்தச் சண்டைக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் திருகோணமலையில் இவர் வேறொருவனோடு அடித்ததை பிரான்சிஸ் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். விழுந்த பையன் எழும்பவில்லை, அவன் வாயால் சத்தியெடுத்ததும் அவனுடைய தாய் ஓடிவந்து ரிங்குக்குள் ஏறியதும் பிரான்சிஸின் கண்ணை விட்டுப் போகவில்லை. பஸ் வந்து நின்றபோது அந்தத் தாயின் முகம்தான் தெரிந்திருக்கிறது. பஸ் போன பிறகு வீட்டுக்குத் திரும்பி, பஸ் ஓடவில்லை என்று தன் தாயிடம் சொன்னார். தாய் அதை எல்லோருக்கும் சொன்னார். கொஞ்ச நாளில் பிரான்சிஸ் நாட்டை விட்டே போய்விட்டார்.

"நீயும் இஞ்ச அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய் எண்டு கேள்விப்பட்டன். எனக்காக நீ பொய் சொல்லுறாய் எண்டு நினைச்சன். அதுதான் என்னை இன்னும் வதைச்சது."

"நான் பொய் சொல்லல்ல," என்றார் அவர். மேசையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக. "நம்பினன்."

அன்ரி கதவடியில் வந்து நின்றார்.

"உனக்குக் கோவம் இல்லையா?" என்று பிரான்சிஸ் கேட்டார்.

"கோவம் இரிக்கு. ஏன் இல்ல? வெறும் ரிங்குக்குள்ள கையைத் தூக்கிக்கொண்டு நிண்டது நான்தானே. அண்டைக்கு எனக்கு வந்த வெக்கம் உனக்குத் தெரியாது." அவர் மூக்கை உறிஞ்சினார். "சரி. நீ பயந்தாய். விளங்கிற்று. அது முடிஞ்சுது மச்சான். ஆனா நேற்றுச் சோத்தைப் பாதியில விட்டிற்றுப் போனாயே, என்ர மனிசி ராவு முழுக்க அழுதா. அதை நான் மன்னிக்க ஒண்ணா. வந்து தின்னிற்றுப் போ."

பிரான்சிஸ் அழுதாரா சிரித்தாரா என்று வான் சத்தத்தில் பிரித்தறிய முடியவில்லை. அடுத்த தடவை வாறன் என்றார். அதற்குப் பிறகு வர முடியவில்லை, ஆனால் அடிக்கடி போன் எடுப்பார். இரண்டு பேரும் உலக்கையையும் நண்டையும் வைத்துக் கத்துவது என் அறைவரைக்கும் கேட்கும். நான் நித்திரை கொள்ள முடியாமல் தலையணையைக் காதில் வைத்து அழுத்துவேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமை கழித்து என் வெள்ளை யூனிபோமை வாங்கத் தையல்கடைக்குப் போனேன். அங்கே அவரும் இருந்தார். இன்னும் இரண்டு மூன்று வயதானவர்களும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பிரான்சிஸ் வந்துபோன செய்தி ஊரில் பரவியிருந்தது.

"என்னவாம் உன்ர கூட்டாளி?" என்றார் தையல்காரர், துணியை வெட்டிக்கொண்டே. "இப்பவாவது ஒத்துக்கொண்டானா, பயத்திலதான் வரல்ல எண்டு?"

அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பஸ் ஓடல்ல," என்றார்.

"திரும்பவும் தொடங்கிற்றான்!"

"அவனே சொன்னான். ஸ்ராண்டில பாக்கோட நிண்டவனாம். கனநேரம் நிண்டிருக்கான். பஸ் வரவே இல்லையாம்." அவர் கையை என் பக்கம் நீட்டினார். "மிஸியும் பக்கத்தில இருந்தவ. கேளுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதரை உண்மையைக் கேட்க வைப்பதற்காக நான் லீவு போட்டு, இறால் வாங்கி, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவர் கேட்டார், விளங்கிக்கொண்டார், என் கண் முன்னால் மூக்கை உறிஞ்சினார். இப்போது அதே பழைய கதை, அதுவும் என்னைச் சாட்சிக்கு வைத்து. முன்பு அவர் அதை நம்பிச் சொன்னார். இப்போது தெரிந்துகொண்டே சொல்கிறார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

தையல்காரரின் கத்திரிக்கோல் துணியின் நடுவில் நின்றது. வாங்கில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"மெய்யா மிஸி?"

"ஓம்," என்றேன். "பஸ் வரல்லையாம்."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். தான் வந்த பஸ்ஸை அவர் நினைத்துப் பார்த்தாரோ, மாமியின் அந்திரட்டியை நினைத்தாரோ தெரியாது. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அப்ப பாவம் அந்தப் பொடியன்," என்றார்.